பந்து வெளியே போகும்வரை

இனிப் பந்து ஒருமுறை வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். நடுக்கோடு முடியும் இடத்தில் மாற்று ஆட்டக்காரன் லிஜோ காலுறைகளை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். அவனருகில் நான்காம் நடுவராக இருந்த உடற்பயிற்சி ஆசிரியர், ஐந்து என்று எழுதிய அட்டையைத் தொடையில் சாய்த்துப் பிடித்திருந்தார். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதும் அட்டை உயரும், ஐந்தாம் எண் சட்டைக்காரனான ஆன்றோ வெளியே வருவான், லிஜோ உள்ளே போவான், எதிரணிப் பத்தாம் எண்காரனின் கால் அவன் உடம்பிலேயே ஒழுங்காக இருக்கும். பாறைத்துறைச் சிறுவர் அணியின் பயிற்சியாளர் தோபியாஸ் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மனத்தில் அடுக்கிப் பார்த்தார். அடுக்கு ஒவ்வொரு முறையும் சரியாகவே நின்றது, ஆனால் அதன் அடியில் இருக்க வேண்டிய பந்து மட்டும் வெளியே போகவில்லை. நடுக்கள ஆட்டக்காரன் ஜோபின் அதை வலப்பக்கம் கொடுத்தான். வலப்பக்கத்துப் பையன் அதை உள்ளங்காலால் அமுக்கி, எதிராளி நெருங்கும்வரை பொறுத்திருந்து, ஒரு விரற்கடை இடைவெளியில் திரும்பவும் ஜோபினிடமே தள்ளினான். கோட்டின்மேல் சுண்ணாம்புத்தூள் பறக்கும்படி உருண்ட பந்தை ஜோபின் குதிகாலால் உள்ளே இழுத்துக்கொண்டான். கூட்டம் ஆர்ப்பரித்தது. செண்டை மேளம் அதிர்ந்தது. ஒலிபெருக்கியில் வருணனை சொல்லிக்கொண்டிருந்தவன், "பாறைத்துறைப் பிள்ளையள் பந்த வச்சு மாலை கெட்டுதாவ! ஆற்றுமுகத்துக்காரங்களே, நல்லா பாத்து ரசியுங்கோ, காசொண்ணும் வேண்டாம்!" என்று கூவினான். வெளிய அடிலே, பாவிப்பயலே, என்று தோபியாஸ் பல்லுக்குள் சொன்னார். சொன்ன வாய் தம்முடையதுதானா என்று அவருக்கே ஐயமாக இருந்தது.

ஏனென்றால், பந்தை வெளியே அடிக்காதே என்று அந்தப் பிள்ளைகளின் எலும்புவரை ஏற்றியவர் அவரே. ஊரின் மைதானம் கடலை ஒட்டிக் கிடந்தது. பயிற்சியில் அச்சப்பட்டுப் பந்தை வெளியே உதைத்தவன், தானே அலைத்தடுப்புக் கற்களில் இறங்கி அதை எடுத்து வர வேண்டும் என்பது அவர் விதித்த விதி. கற்களில் பாசி வழுக்கும், சிப்பி முழங்காலைக் கிழிக்கும், அலை முதுகில் அறையும். எடுத்து வந்தவன் உப்பும் இரத்தமுமாக நின்று, "இனி அடிக்க மாட்டேன் சார்" என்பான். ஜோபினை ஒருமுறை அவர் கன்னத்தில் அறைந்திருக்கிறார். அறைந்த கையில் பையனின் எச்சில் ஒட்டியிருந்தது. "பந்த வெளிய அடிக்கிறவனுக்குப் பயமாக்கும்லே. பயந்தவன் வீட்டுல இருந்து வலை பின்னட்டும்," என்று சொன்னார். பயந்த பிள்ளை ஒருநாளும் ஆட்டக்காரன் ஆகமாட்டான் என்பதை அவர் வேதம்போல நம்பினார். பிள்ளைகள் பந்தோடு வாழப் படிக்க வேண்டும், வெற்றி பிறகு தானாக வரும் என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசியும் இருக்கிறார். வெற்றி வரவில்லை. இரண்டு திருவிழாப் போட்டிகளில் அவருடைய பிள்ளைகள் அழகாக ஆடி அழகாகத் தோற்றார்கள். "என்ன கோச்சே, பிள்ளையளுக்கு டான்ஸா படிப்பிக்கீரு?" என்று ஊர் விளையாட்டுக் கழகத் தலைவர் எல்லார் முன்னிலையிலும் கேட்டார், சிரித்தவர்களில் பிள்ளைகளின் தகப்பன்மாரும் இருந்தார்கள். அந்தச் சிரிப்பு இப்போதும் அவருடைய பிடரியில் ஈரத்துணிபோல ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றிரவு பாயில் கிடந்தபடி, சிரித்த வாய்களை ஒவ்வொன்றாக அவர் மனத்துக்குள் முட்டியால் உடைத்தார். முதலில் தலைவருடைய வாய், பற்கள் மணலில், பிறகு அடுத்த வாய். உடைத்து முடித்துவிட்டுத்தான் தூங்கினார். மறுநாள் காலையில் ஆன்றோவைத் தனியே கூப்பிட்டார்.

அதை நினைக்க வேண்டாம் என்று அவர் பந்தைப் பார்த்தார். பந்து இடப்பக்கம் போயிற்று, போ, போ, இன்னும் இரண்டடி, போகவில்லை. ஆன்றோ எங்கே? அதோ, தற்காப்பு வரிசையின் நடுவில், கைகளைத் தொங்கவிட்டு, பந்தைப் பாராமல் ஆளைப் பார்த்துக்கொண்டு நின்றான். முன்பெல்லாம் அவன் பந்தைத்தான் பார்ப்பான். அணியில் பந்து அதிகம் நேசித்த கால் அவனுடைய கால். மழைத்தண்ணீர் தேங்கிய மணலிலும் அவன் காலடியில் பந்து கோழிக்குஞ்சைப்போலச் சுற்றிவரும். அப்படிப்பட்டவனை நடுக்களத்திலிருந்து பறித்துப் பின்வரிசையில் நட்டது ஏன்? உயரமாக இருந்தான், எலும்பு முற்றியிருந்தது, அஞ்சமாட்டான். இவையெல்லாம் துணைப் பயிற்சியாளன் வியாகுலத்திடம் சொன்ன காரணங்கள். உண்மைக் காரணம், அவன் சொன்னதைச் செய்வான் என்பதே. கோல்கம்பத்தின் குறுக்குச்சட்டத்தில், பழைய வலையைத் திணித்த சாக்கு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, தோபியாஸ் அவனுக்கு இரண்டாங்காலைக் கற்றுக்கொடுத்தார். சறுக்கிப் போகும்போது முதற்கால் பந்தை எடுக்க வேண்டும். நடுவரின் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். அந்தக் கணத்தில், தரையோடு தரையாக மடங்கி வருகிற இரண்டாங்கால் ஆளை எடுக்க வேண்டும். கணுக்காலுக்கு மேலே, கெண்டைச்சதைக்குக் கீழே, ஊன்றிய காலை. ஊன்றாத காலில் பட்டால் அவன் விழுவான், ஊன்றிய காலில் பட்டால் எழமாட்டான். "சாக்குக்கு நோவாதுலே, நல்லா போடு." பையன் போட்டான். சாக்கு மந்தமாக ஒலித்தது. நூறு முறை போட்டபின் அந்த ஒலி திருந்தி, ஒரே அளவாய், கச்சிதமாய் வந்தபோது, தோபியாஸின் நெஞ்சில் ஒரு நல்ல மாணவனைப் பெற்றவனின் மகிழ்ச்சி ஊறிற்று. அதையும் அவர் பயிற்சி என்றுதான் பெயர் சொல்லி வைத்துக்கொண்டார். அதன்பிறகு அணி வெல்லத் தொடங்கியது. சிரித்தவர்கள் தோளில் கை போட்டார்கள். முந்திய ஆட்டத்தில், எதிரணிப் பையன் ஒருவனைப் பலகையில் கிடத்தி ஆட்டோவில் ஏற்றினார்கள். பையன் தன் தாயைக் கூப்பிடவில்லை, தன் காலைத்தான் கூப்பிட்டான், காலே, எனக்க காலே என்று. ஆட்டம் முடிந்ததும் ஆன்றோ அணியின் துணிமூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்தான். "சார், அவனுக்க காலு ஒடிஞ்சிருக்குமா?" "ஒனக்க காலு பந்துலதான பட்டுது?" "மொதக்காலு பந்துலதான் பட்டுது சார்." "பின்ன என்னத்துக்குக் கவலப்படுக? போய் மொகத்தக் கழுவு." கழுவினான். சொன்னதைச் செய்வான்.

இன்றைக்கும் சொல்லியாயிற்று. இடைவேளையில், மற்றவர்கள் ஆரஞ்சுச் சுளைகளைச் சப்பிக்கொண்டிருந்தபோது, அவன் காதருகே குனிந்து, "பத்தாம் நம்பருக்கு ரெண்டாங்காலு. இந்தப் பாதியிலயே. தாமசிக்காத," என்று சொன்னார். அரையிறுதி ஆட்டத்தில் ஒரு கோல் முன்னிலையில் இருந்தார்கள். அந்த ஒரு கோலை ஆற்றுமுகத்தின் பத்தாம் எண்காரன் ஷைன் எந்த நொடியிலும் தின்றுவிடக்கூடியவனாக இருந்தான். இறுதிப் போட்டிக்குப் போகும் இரண்டு அணிகளிலிருந்துதான் விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளைப் பொறுக்குவார்கள். பந்தலில் தேர்வாளர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜோபின் போவான், ஆன்றோ நிச்சயம் போவான், இன்னும் ஒருவன் போகக்கூடும். பிள்ளைகள் கடலிலிருந்து தப்பிப் படிப்பும் சோறும் பந்துமாக ஆறு வருடம் இருப்பார்கள். அதற்கு விலை ஒரு கணுக்கால், அதுவும் பிறத்தியாருடையது, அதுவும் ஒட்டிக்கொள்ளும் எலும்புதான். இந்தக் கணக்கு இடைவேளையில் சரியாக இருந்தது. பிறகு அந்தப் பையன் கோட்டருகே வந்து காலணிக் கயிற்றைக் கட்டினான். கட்டிவிட்டு நிமிர்ந்து, "மாமா, இத்திரி தண்ணி தருவியளா?" என்றான். எதிரணிக்காரனிடம் தண்ணீர் கேட்கிறோம் என்னும் கூச்சமே இல்லை. தோபியாஸ் போத்தலை நீட்டினார். பையன் வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்தான். தொண்டைக்குழி ஏறி இறங்கிற்று. பாதித் தண்ணீரைத் தன் கெண்டைச்சதையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டான். அந்த ஈரமான இடத்தை, கணுக்காலுக்கு மேலே, கெண்டைச்சதைக்குக் கீழே, தோபியாஸ் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். "நன்றி மாமா. ஒங்க அஞ்சாம் நம்பரு நல்ல ஆட்டக்காரன், கேட்டியளா," என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான். உடனே அவர் லிஜோவைச் சட்டை மாற்றச் சொன்னார்.

"அண்ணே, என்ன செய்யுதிய?" என்று வியாகுலம் அவருடைய முழங்கையைப் பிடித்தான். மீன்வண்டி ஓட்டுபவன், கையில் எப்போதும் ஐஸின் குளிர்ச்சி இருக்கும். "ஆன்றோவ எறக்கினா பொறவு யாரு நிப்பா? லிஜோவா? அவன் கொசுவத் தடுப்பானா? அந்தப் பத்தாம் நம்பரு அவன வகுந்துட்டுப் போவான்." "அவனுக்குக் காலு நோவுது." "யாருக்கு? ஆன்றோவுக்கா? காலயில இட்டலி பதினாலு தின்னவன், அவனுக்கா?" தோபியாஸ் முழங்கையை விடுவித்துக்கொண்டார். தாம் இட்ட ஆணையைத் திரும்பப் பெற வேண்டுமானால், முதலில் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நடுவரும் தேர்வாளரும் ஊரும் கேட்க, அந்தப் பையனின் காலை ஒடிக்க வேண்டாம் ஆன்றோ என்று கூவ வேண்டும். அப்படிக் கூவியும் பார்த்தார், பாதியை விழுங்கிவிட்டு: "ஆன்றோ, வேண்டாம்! வேண்டாம்லே!" செண்டை அதை மென்று துப்பிற்று. மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த பாறைத்துறை ஆண்கள் அதைவிட உரக்க, "லே பத்தாம் நம்பரே, வீட்டுக்குப் போவும்போ ரெண்டு காலும் வேணுமா, ஒண்ணு போருமாலே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர்களுக்கு நடுவே இருந்த ஒருத்தி, பிள்ளையைப் பெற்றவளாகத்தான் இருக்க வேண்டும், வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "வெட்டிப் போடுலே ஆன்றோ!" என்றாள். மீனை அரியச் சொல்வதுபோல, அவ்வளவு இயல்பாகச் சொன்னாள். பந்தே, வெளியே போ. திருவிழா நாயகரான புனிதரே, பந்து வெளியே போகட்டும். கோல் கேட்டு எத்தனையோ முறை வேண்டியிருக்கிறார். இப்படி ஒரு வேண்டுதலை அந்தப் புனிதர் இதுவரை கேட்டிருக்க மாட்டார். பந்து கோடுவரை வந்தது. ஜோபின் பாய்ந்து, விழுந்து, படுத்த வாக்கிலேயே அதைக் காப்பாற்றினான். தேர்வாளர்களில் ஒருவர் கைதட்டினார்.

ஆனால் அவர் வேண்டியது முழுவதும் உண்மைதானா? அங்கேதான் எண்ணம் மீன்முள்போலச் சிக்கியது. ஷைன் இடப்பக்கமாக ஓடத் தொடங்கியபோதெல்லாம் ஆன்றோவின் தோள் தாழ்ந்தது. ஆன்றோவின் தோள் தாழ்ந்தபோதெல்லாம் தோபியாஸின் வலது பாதம், செருப்புக்குள், விரல்களை மடக்கிக்கொண்டது. அவர் கட்டளையிடவில்லை, அது மடங்கிற்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாதத்துக்கு ஊர்ஊராகப் பெயர் இருந்தது. துறைமுக அணியின் தற்காப்பில் அவர் நின்ற நாளில், முன்வரிசைக்காரர்கள் அவர் பக்கம் வராமல் மறுபக்கமாகவே சுற்றிப் போவார்கள். ஒருவன் மட்டும் வந்தான். பெயர் நினைவில்லை, மீசை நினைவிருக்கிறது. முதற்கால் பந்தில் பட்டது. இரண்டாங்கால் போய்ச் சேர்ந்தபோது ஒரு சத்தம் கேட்டது, அவித்த நண்டின் காலைக் கடைவாயில் வைத்துக் கடித்ததுபோல. சத்தத்துக்கும் அலறலுக்கும் இடையில் ஓர் இடைவெளி இருந்தது; மிகச் சிறியது; அந்த இடைவெளியில் மைதானம் முழுவதும் அவருக்குச் சொந்தமாக இருந்தது. அன்று அவரைத் தோளில் தூக்கிச் சென்றார்கள். அதன்பிறகும் அவர் நண்டு தின்பதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி கழுவி அவித்து வைத்தால், காலைத்தான் முதலில் எடுப்பார், கடிப்பதற்குமுன் ஒரு கணம் தாமதிப்பார். ஏன் தாமதிக்கிறார் என்று அவள் கேட்டதில்லை. அவரும் தம்மைக் கேட்டதில்லை. இப்போது செருப்புக்குள் மடங்கியிருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே, அவர் கேட்டார்: நான் எதற்காக நிற்கிறேன்? அந்தப் பையனைக் காப்பாற்றவா, அல்லது நன்றாகத் தெரியும் இடத்திலிருந்து பார்க்கவா? கேள்வி வந்த வழியே அச்சமும் வந்தது. அந்த அச்சத்தில்தான் அவர் கத்தினார்.

"ஜோபின், வெளிய அடிலே! பந்த வெளிய அடி!" இம்முறை செண்டைக்காரர்கள் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள், குரல் மைதானம் எங்கும் தெளிவாகக் கேட்டது. ஜோபின் நின்றுவிட்டான். பந்து காலடியில் இருக்க, அவன் திரும்பிப் பயிற்சியாளரைப் பார்த்தான். ஆசிரியர் கரும்பலகையில் பிழையாக எழுதிவிட்டால் நல்ல மாணவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான். அறைபட்ட கன்னத்தில் அவனையறியாமல் ஒரு கை ஏறிற்று. அந்த ஒரு நொடி போதும். ஷைன் அவன் காலிலிருந்து பந்தைக் கொத்திக்கொண்டு பறந்தான். இப்போது அவனுக்கும் கோலுக்கும் நடுவே ஆன்றோ ஒருவனே நின்றான். கூட்டம் எழுந்து நின்றது. ஷைன் பந்தை வலக்காலால் முன்னே தட்டினான், இடக்காலை ஊன்றினான். ஈரம் காய்ந்திராத அந்தக் கால், முழு எடையோடு, மணலில் புதைந்து நின்றது. இப்போது, என்றது தோபியாஸின் பாதம். ஆன்றோ சறுக்கினான். முதற்கால் நீண்டது, பந்தில் பட்டது, பந்து பிரிந்தது. இரண்டாங்கால் மடங்கி வந்தது, தரையோடு தரையாக, நூறு முறை சாக்கில் போய் விழுந்த அதே கோணத்தில் வந்தது. தோபியாஸ் மூச்சை அடக்கிக்கொண்டார், காதைத் திறந்து வைத்துக்கொண்டார். அந்தக் கால் நின்றது. ஊன்றிய காலுக்கு ஒரு சாண் முன்னால், மணலைக் குவித்துக்கொண்டு, நின்றது. பையன் வேண்டுமென்றே குதிகாலைக் குத்தி நிறுத்தியிருந்தான். ஷைன் அவன்மேல் தாவிக் கடந்து, உருண்டு, எழுந்தான். ஆன்றோவும் எழுந்து, பந்தை முழங்காலில் ஏற்றி, பழைய நாள்போல ஒருவனை ஏமாற்றிச் சுழன்று, ஜோபினிடம் கொடுத்தான். ஜோபின் இம்முறை பயிற்சியாளரைப் பார்த்துக்கொண்டே, கீழ்ப்படிதலின் எரிச்சல் அத்தனையையும் காலில் வைத்து, பந்தை வெளியே உதைத்தான்.

பந்து வெளியே போய்விட்டது. அட்டை உயர்ந்தது. "மாத்தலாமா சார்?" என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். நடுவர் கையசைத்தார். வியாகுலம் அழுகிற குரலில், "அண்ணே, பாத்தியளா, பாத்தியளா, எப்படி எடுத்தான்! தங்கம்போல எடுத்தான்! அவனயா எறக்குதிய? இனி இத்திரி நேரம்தான் கெடக்கு, கையெடுத்துக் கும்பிடுதேன்," என்றான். அவன் சொன்னது சரிதான் என்று தோபியாஸுக்குப் பட்டது. ஆபத்துக் கடந்துவிட்டது; பையன் தானாகவே திருந்திக்கொண்டான்; அவனுக்குள் அந்தப் பழைய ஆட்டம் இன்னும் இருக்கிறது, தாம் அவனைக் கெடுத்துவிடவில்லை; ஆட்டத்தையும் வென்றுவிடலாம்; இரண்டும் ஒருங்கே கிடைத்திருக்கிறது, யாருக்கு இப்படிக் கிடைக்கும்? "வேண்டாம் சார். அவனே நிக்கட்டும்," என்றார். லிஜோ காலுறைகளைக் கணுக்கால்வரை தள்ளிவிட்டு, பெஞ்சுக்குத் திரும்பிப் போனான். மகிழ்ச்சி வரவேண்டிய இடத்தை அவர் உள்ளே தேடினார். அங்கே வேறொன்று உட்கார்ந்திருந்தது. காது இன்னும் திறந்தே இருந்தது. உணவு வரும் என்று விரித்த இலைபோல, வெறுமையாய், எரிச்சலாய், காத்துக்கொண்டே இருந்தது. செருப்புக்குள் விரல்கள் இன்னும் நிமிரவில்லை. தமக்கு உரிய ஏதோ ஒன்றை ஒருவன் கண்முன்னே எடுத்துத் தூர எறிந்துவிட்டதுபோல அவருக்குத் தோன்றியது.

அட்டையைக் கண்டு வெளியேறுவதற்காக ஓடி வந்த ஆன்றோ, மாற்றம் இல்லை என்று அறிந்ததும் கோட்டின்மேல் நின்று மூச்சு வாங்கினான். முழங்காலிலிருந்து இரத்தமும் மணலுமாக வழிந்தது. வெகுநாட்களுக்குப் பிறகு அவன் முகத்தில் பல் தெரிந்தது. "சார்," என்றான், "பந்த மட்டும்தான் எடுத்தேன். ரெண்டாங்கால நிறுத்திட்டேன். பாத்தியளா சார்?" பார்த்தேன் மகனே என்று சொல்லத்தான் தோபியாஸ் வாயைத் திறந்தார். நன்றாகச் செய்தாய், இனி எப்போதும் அப்படியே செய் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. "எதுக்குலே அவன விட்ட?" என்று அவர் கேட்டார்.

குரல் உரத்ததாக இல்லை, கடிந்துகொண்டதாகவும் இல்லை, நெடுநாள் பழகியவரிடம் நேரம் கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாக வந்தது. ஆன்றோவின் உதடுகளில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் அதைவிட்டு இறங்கிப் போயின. அவன் புறங்கையால் வாயைத் துடைத்தான். துடைத்தபோது சிரிப்பும் போயிற்று. "சரி சார்," என்றான். இல்லை, இல்லை, அதில்லை என்று தோபியாஸ் கையை நீட்டினார். கை பையனின் சட்டையைத் தொடாமல் காற்றைப் பிடித்தது. ஆற்றுமுகத்துப் பையன் ஒருவன் கோட்டின்மேல் நின்று பந்தைத் தலைக்குமேல் உயர்த்தினான். செண்டை மறுபடியும் தொடங்கிற்று. மைதானத்தின் நடுவே ஷைன் கையை உயர்த்திப் பந்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்; அவனுக்கு ஐந்தடி பின்னால், கைகளைத் தொங்கவிட்டு, பந்து வரும் பக்கம் திரும்பியும் பாராமல், ஆன்றோ போய் நின்றான்.